கேள்வி – பதில்: சவரன், கினி, அப்புறம் கொஞ்சம் லாரல்

கேள்வி: பிரிட்டிஷ் தங்கக் காசான சவரன், 1901-ஆம் ஆண்டுடையது ஒன்றை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன். விக்டோரியா ராணி இருக்கிறார், குதிரைமேல் புனித ஜார்ஜ் இருக்கிறார், ஆண்டு இருக்கிறது. மதிப்பு மட்டும் இல்லை. ஒரு பவுண்டு என்று எங்கே எழுதியிருக்கிறது?

பதில்: சட்டத்தில். காசில் தேடினால் கிடைக்காது. 1817-ல் இந்த சவரன் வந்தபோதே இருபது ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு என்று அறிவித்துவிட்டார்கள், பிரிட்டனில் இன்றும் அதன் சட்ட மதிப்பு அதே ஒரு பவுண்டுதான் (அந்த விலைக்குச் செலவழிக்க யாரும் தயாராக இல்லை என்பது வேறு விஷயம்). அன்றைக்கு ஜனங்கள் பார்த்தது எடையை: 7.988 கிராம், 22 காரட். 1870 சட்டப்படி தேய்ந்து தேய்ந்து சுமார் 7.94 கிராமுக்குக் கீழே போய்விட்டால் அது செல்லாக்காசு, வாங்க மறுக்கலாம்.

கேள்வி: கினி என்ற பழைய ஆங்கிலத் தங்கக் காசு 21 ஷில்லிங் என்று ஓரிடத்தில், 20 என்று இன்னோரிடத்தில், 30 என்றுகூடப் படித்தேன். எது சரி?

பதில்: மூன்றும் சரி, ஆண்டுதான் வேறு. 1663-ல் மன்னர் இரண்டாம் சார்லஸ் காலத்தில் அடித்தபோது இருபது ஷில்லிங் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் கினி தங்கம், ஷில்லிங் வெள்ளி; ஒன்றின் விலை ஏறி இறங்கினால் கணக்கு உதைக்கும். 1690-களில் வெள்ளிக் காசுகளின் ஓரத்தை ஆளாளுக்கு வெட்டி எடுத்து அவை பாதி தேறாமல் போனதால், 1695 வாக்கில் ஒரு கினிக்கு முப்பது ஷில்லிங் வரை கொடுக்க வேண்டியிருந்தது. புது வெள்ளிக் காசு வந்ததும் விலை இறங்கியது. கடைசியில் நாணயச்சாலைத் தலைவராக இருந்த ஐசக் நியூட்டன் (ஆமாம், அதே நியூட்டன்) அறிக்கை கொடுக்க, 1717 டிசம்பரில் அரசு 21 ஷில்லிங் என்று கட்டிப்போட்டது. இத்தனை ஆட்டத்திலும் காசின் எடை சுமார் 8.4 கிராம்தான். அதனால் யாராவது 1670-களின் கினிக்கு முக மதிப்பு 21 ஷில்லிங் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அரை கினி பத்தரை ஷில்லிங் என்பதும் 1717-க்குப் பிந்தைய கணக்குதான்.

கேள்வி: என் பட்டியலை முக மதிப்பு வாரியாகப் பிரிக்கலாம் என்றிருக்கிறேன். 20 ஷில்லிங் காசுகள் ஒரு பக்கம், 10 ஷில்லிங் இன்னொரு பக்கம். சரிதானே?

பதில்: வேண்டாம், குழம்பிப் போவீர்கள். மன்னர் முதலாம் ஜேம்ஸின் யுனைட் என்ற தங்கக் காசு 1604-ல் 20 ஷில்லிங், எடை பத்து கிராம். அதே காசை, ஒரு குண்டுமணி தங்கம்கூடச் சேர்க்காமல், 1611-ல் 22 ஷில்லிங் ஆக்கிவிட்டார்கள். அப்புறம் 1619-ல் லாரல் என்ற தங்கக் காசு வந்தது, மறுபடியும் 20 ஷில்லிங், ஆனால் ஒன்பது கிராம்தான். அதில் மட்டும் மன்னர் தலைக்குப் பின்னால் ரோமன் எண்ணில் இருபது என்று போட்டிருக்கும். 1817 சவரனோ எட்டு கிராம். மூன்றையும் ஒரே பிரிவில் போட்டு என்ன பயன்? முதலில் ஆட்சி, பிறகு காசின் பெயர், அப்புறம் கையால் சுத்தியலில் அடித்ததா எந்திரத்தில் அடித்ததா (1660-களில் எந்திரம் முழுதாக வந்துவிட்டது), அதற்குக் கீழே உருவம், ஆண்டு, நாணயச்சாலை என்று போங்கள். விக்டோரியா சவரனுக்கே மூன்று முகங்கள்: 1887 வரை இளம் தலை, 1893 வரை பொன்விழாத் தலை, பிறகு முக்காடிட்ட தலை. இளம் தலையில் மட்டும் பின்பக்கம் கேடயமா ஜார்ஜா என்றும் பிரிக்க வேண்டும். முக மதிப்புக்குக் கடைசியில் ஒரு பத்தி ஒதுக்கினால் போதும், பக்கத்தில் எந்த ஆண்டின் மதிப்பு என்று குறித்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு சவரனில் தேதிக்கு மேலே பொடி எழுத்தில் எஸ் இருக்கிறது. போலியா?

பதில்: அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. எஸ் என்றால் சிட்னியில் அடித்தது, எம் மெல்போர்ன், பி பெர்த். எழுத்தே இல்லாவிட்டால் பெரும்பாலும் லண்டன். சந்தேகம் இருந்தால் எழுத்தை விடுங்கள், தராசில் வைத்து எடையையும், குறுக்களவு 22 மில்லிமீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.