வாத்தியாரின் அம்புக்குறி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னையில் ஒரு சேர்ந்திசைக் குழுவில் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறேன். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கரின் ‘ஸ்லீப்’ பயிற்சியில் இருக்கிறது. முதலில் அது ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘ஸ்டாப்பிங் பை வுட்ஸ் ஆன் எ ஸ்னோயி ஈவினிங்’ கவிதைக்கு அமைத்த இசையாம். அமெரிக்காவில் 2019-லேயே அந்தக் கவிதை பதிப்புரிமை நீங்கிப் பொதுவுடைமை ஆகிவிட்டது. மூலவரிகளைப் போட்டுப் பாடினால் என்ன? செவ்வியல் கவிதைக்கு இசை தேவையா என்றும் ஒரு சந்தேகம்.

கே.

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்வியை விடுங்கள். தேவாரத்தைப் பண்ணோடு ஓதும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கக் கூச்சமாக இல்லையா?

அந்தக் கவிதை எனக்கு நேருவோடு சேர்ந்து வந்தது. 1964-ல் அவர் இறந்தபோது அதன் கடைசிப் பத்தி மேசைமேல் இருந்தது என்று சொல்லித்தான் எங்கள் ஆங்கில வாத்தியார் பாடத்தைத் தொடங்குவார். உறங்குவதற்குமுன் போகவேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது என்ற வரியை ஃப்ராஸ்ட் இரண்டு முறை எழுதியிருப்பார். முதலாவது தூக்கம், இரண்டாவது சாவு என்று கரும்பலகையில் அம்புக்குறி போடுவார் வாத்தியார். அந்த அம்புக்குறியின் மேல் எனக்கு இன்றும் கோபம். கவிதையில் பனிவிழும் காட்டைப் பார்த்து நின்றுவிட்ட பயணி ஒருவனின் குதிரை காத்திருக்கிறது, கொடுத்த வாக்கு இருக்கிறது. இரண்டு முறையும் அவன் கிளம்பத்தான் பார்க்கிறான்.

சில வார இடைவெளியில் இறந்துபோன தாய் தந்தையரின் நினைவாக ஆஸ்டின் நகரப் பெண் ஒருவர் கேட்டுக்கொண்டு விட்டேக்கர் அமைத்த இசை உங்கள் ‘ஸ்லீப்’. 2000-ல் அரங்கேறியது. ஃப்ராஸ்ட் கவிதையின் பதிப்புரிமையாளர்கள் அனுமதி மறுத்துவிட்டார்கள். (பாரதி பாடல்களின் உரிமையை 1949-ல் அரசே வாங்கிய கதை தெரிந்த நமக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.) நண்பர் சார்ல்ஸ் ஆண்டனி சில்வெஸ்ட்ரி மெட்டுக்குப் பாட்டு எழுதினார். ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் இன்னொருவரை நுழைக்கிற வேலை. ஃப்ராஸ்டைப் போலவே ஒரு பத்தியில் தனித்து நிற்கும் மூன்றாம் வரியின் ஓசை அந்தாதிபோல அடுத்த பத்தியின் இயைபாக வேண்டும். கடைசிச் சொல்லும் அதே ‘ஸ்லீப்’.

ஆனால் சில்வெஸ்ட்ரியின் ஆள் படுக்கையில் கிடக்கிறான். இருட்டுக்கு அஞ்சி, உறக்கத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறான். ஃப்ராஸ்டின் ஆளோ உறக்கத்தைத் தள்ளிப்போடுகிறான். உங்கள் பாட்டின் முடிவில் ‘ஸ்லீப்’ என்ற ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்து தேய்ந்து மறைகிறதே, அது யாருடைய உறக்கம்? நிச்சயமாக ஃப்ராஸ்டுடையது அல்ல. கிளம்பப் போகிறவனை விட்டேக்கர் அங்கேயே தாலாட்டித் தூங்கவைத்துவிட்டார். வாத்தியாரின் அம்புக்குறிதான், ஸ்வரத்தில். பெற்றோரை இழந்த ஒருவருக்காக இசையமைக்கும்போது வேறெப்படி வந்திருக்கும்? அந்த இசைக்குரிய சொற்கள் மறுப்புக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன. தன் ஃப்ராஸ்ட் வடிவம் இனி இல்லை என்று விட்டேக்கரே எழுதிவிட்டார். உரிமைக்காலம் முடிந்தது என்பதற்காக நீங்கள் தோண்டி எடுக்க வேண்டாம்.

அம்மா இறந்துபோன வருடம் இதைக் கேட்டேன், குழந்தையே. அந்தக் கடைசி இடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு வாங்கிவிடாதீர்கள். ஒருவர் விட்டதைப் பக்கத்தில் நிற்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சி என்றைக்கு என்று எழுதுங்கள். டிக்கெட் நானே வாங்கிக்கொள்கிறேன்.