மீடியாவை மாற்றியதால்தான் கருக்கள் நின்றுபோயினவா?

ஐவிஎஃப் சிகிச்சையில் கருக்களை ஆய்வகத்தில் வளர்க்கும் திரவம்தான் மீடியா. உங்களுக்குப் போன சுழற்சியில் இரண்டு கட்ட மீடியா, இந்த முறை ஒரே கட்ட மீடியா. ஒன்பது கருக்களில் இரண்டுதான் பிளாஸ்டோசிஸ்ட் (ஐந்தாறு நாள் வளர்ந்த கரு) ஆயின, இந்த மாற்றம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள் சகோதரி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இரண்டு கட்டத்தில், முதல் மூன்று நாள் பைருவேட், லாக்டேட் என்ற சத்துகள் தூக்கலான திரவம். அப்புறம் குளுக்கோஸ் கூடிய வேறொரு திரவத்துக்கு மாற்றுவார்கள். ஒரே கட்டத்தில் எல்லாமே முதலிலிருந்து இருக்கும், கரு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். பந்திக்கும் பஃபேக்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் கர்ப்ப விகிதத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

அதற்காக எல்லா மீடியாவும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தில் 836 தம்பதியரிடம் ஜி5, எச்டிஎஃப் என்ற இரண்டு மீடியாக்களையும் ஒப்பிட்டு 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஜி5-ல் பயன்படுத்தத்தக்க கருக்கள் அதிகம் கிடைத்தன; ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடை சராசரியாக 158 கிராம் குறைவு! வெறும் கரு எண்ணிக்கையைப் பார்த்து மீடியாவுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

உங்கள் மருத்துவரிடம் முட்டைகளின் முதிர்ச்சி, விந்தணுத் தரம் பற்றி முதலில் கேளுங்கள். கருக்களை வைத்து வளர்க்கும் இன்குபேட்டரில் ஆக்சிஜன் 5 சதவீதமா, காற்றில் உள்ள அளவா என்பதையும் விசாரியுங்கள். ‘ஸ்பெஷல் மீடியா’ என்று தனியாகப் பணம் கேட்டால், ஆதாரம் காட்டச் சொல்லுங்கள்.