பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்: விடுதியில் ஒரே அறை போதுமா, இரண்டு எடுக்க வேண்டுமா?

கேட்கப்பட்ட கேள்வி: "நாங்கள் நான்கு பேர். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. இதுவரை எங்கே போனாலும் ஒரே அறையில்தான் தங்கியிருக்கிறோம். இந்த முறை ஐந்து இரவுகள் தங்க வேண்டும். கூடுதல் கட்டில் போட்டு ஒரே அறையில் சமாளிக்கலாமா, இரண்டு அறை எடுப்பதுதான் சரியா?"

இரண்டு அறை எடுங்கள். ஐந்து இரவுகள் என்பதாலும் மகளுக்குப் 12 வயது ஆகிவிட்டதாலும் தயங்காமல் சொல்கிறேன். ஓர் இரவு தலைசாய்த்துவிட்டு விடிந்ததும் கிளம்புவதாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். என் வீட்டிலும் ஏறக்குறைய இதே வயது இடைவெளியில் ஒரு மகளும் ஒரு மகனும் இருக்கிறார்கள். இந்த முடிவை நாங்கள் ஒரு வருடம் தாமதமாக எடுத்தோம்.

அதற்கு முந்தைய வருடப் பயணத்தில் இரண்டு பெரிய கட்டில்கள் போட்ட ஓர் அறை எடுத்திருந்தோம். நான்கு பேருக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் காலை போர்வையை விலக்கி மகளை எழுப்பியபோதுதான் கண்ணில் பட்டது: முந்தைய நாள் வெளியே போட்டுக்கொண்டு வந்த ஜீன்ஸோடும் முழுக்கைச் சட்டையோடும் அவள் தூங்கியிருந்தாள். ஜீன்ஸின் இடுப்புத் தையல் வயிற்றில் சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. நான் எடுத்துவைத்த இரவு உடை, பெட்டியில் மடிப்புக்கூடக் கலையாமல் கிடந்தது. "ஏன் கண்ணு, உடை மாற்றவில்லையா?" என்று கேட்டேன். "குளியலறையில் தம்பி இருந்தான். அப்புறம் அப்பா போனார். அதற்குள் தூங்கிவிட்டேன் அம்மா" என்றாள். இரண்டு இரவுகளும் அப்படித்தான் போயிருக்கின்றன. அவளுக்கு மாதவிடாய் தொடங்கியிருந்த வருடம் அது. கதவுக்கு மூன்றடி தள்ளி அப்பாவும் தம்பியும் படுத்திருக்க, நள்ளிரவில் கைப்பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போக அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. நானும் கேட்டுப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் உங்களிடம் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: பயணத்துக்கு முன்பு மகளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். எல்லாரும் கூடியிருக்கும்போது கேட்டால் "எனக்கு எப்படியிருந்தாலும் பரவாயில்லை" என்றுதான் சொல்வாள். அந்த வயதுப் பிள்ளைகள் செலவைக் கூட்டிவிடக் கூடாது என்று தாங்களாகவே அடங்கிப் போய்விடுவார்கள். "இரவில் உடை மாற்ற, குளிக்க, தூங்க உனக்கு எது வசதி?" என்று குறிப்பாகக் கேட்டால் உண்மை வெளியே வரும்.

அடுத்தது தூக்கம். எத்தனை பேர் என்பதைவிட எத்தனை மணிக்குத் தூங்குகிறவர்கள் என்பதுதான் அறைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. 6 முதல் 12 வயதுவரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். பருவமடையும் வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பதே தாமதமாகிவிடுகிறது. எட்டு வயதுப் பையனுக்கு ஒன்பது மணிக்குக் கண் சொக்கும். மூத்தவளுக்குப் பதினொன்று ஆனாலும் வராது. அவள் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று எண்ண வேண்டாம், உடலே அப்படித்தான் நேரத்தை மாற்றிக்கொள்கிறது. ஒரே அறை என்றால் இவனுக்காக ஒன்பது மணிக்கே விளக்கை அணைக்க வேண்டும். மற்ற மூவரும் இருட்டில் கைப்பேசி வெளிச்சத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஓர் இரவு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து இரவுகள் தொடர்ந்தால் நான்காம் நாள் பகலில் எல்லாரும் எரிந்து விழுவார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான்.

கைக்குழந்தை உள்ளவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குக் கணக்கு நேர்மாறானது. முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோர் இருக்கும் அறையிலேயே, ஆனால் தனக்கென்று தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. தலையணை, கனத்த போர்வை எதுவும் இல்லாத, சமதளமான, கெட்டியான மெத்தை வேண்டும். ஆகவே ஒரே அறைதான். தொட்டில் உண்டா, அதைப் போட அறையில் இடம் இருக்குமா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குக் கட்டில் உள்ள குடும்ப அறை கிடைத்தால், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை மேல் தட்டில் படுக்கவைக்க வேண்டாம்.

இனி கட்டில் அளவுக்கு வருகிறேன், ஏனென்றால் விளம்பரத்தில் "நான்கு பேர் தங்கலாம்" என்று போட்டிருப்பதை நம்பித்தான் பலரும் முன்பதிவு செய்கிறார்கள். வழக்கமான அளவில் ஒரு டபுள் கட்டிலின் அகலம் 54 அங்குலம். இரண்டு பேர் படுத்தால் ஆளுக்கு 27 அங்குலம். குழந்தைத் தொட்டிலின் மெத்தை சுமார் 28 அங்குல அகலம் இருக்கும். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் இடத்தைக்கூட அந்தக் கட்டிலில் நாம் வளர்ந்த பிள்ளைக்குக் கொடுப்பதில்லை! குவீன் கட்டில் 60 அங்குலம், ஆளுக்கு 30. கிங் கட்டில் 76 அங்குலம், ஆளுக்கு 38. இது ஓர் ஒற்றைக் கட்டிலின் அகலத்துக்குச் சமம். ஐந்து வயதில் அக்காவும் தம்பியும் கட்டிப்பிடித்துத் தூங்கிய அதே கட்டிலில், பன்னிரண்டு வயதில் அவள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு கிடப்பாள். நாடு மாறினால் அளவுகளும் கொஞ்சம் மாறும். ஆகவே கட்டிலின் பெயரைப் பார்த்து நிம்மதியடையாமல் அகலம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டு டபுள் என்று கொடுக்கும் இடங்களும் உண்டு. நடுவில் உள்ள இடைவெளியில் படுப்பவர் பாடுதான் பாடு.

கூடுதல் கட்டில், சோபாக் கட்டில் ஆகியவற்றைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மடக்குக் கட்டிலைப் போட்டுவிட்டால் குளியலறைக்குப் போகும் வழி அடைபடும், பெட்டியைத் திறந்துவைக்க இடம் இருக்காது. சோபாக் கட்டிலில் பலவற்றில் மெத்தை மெல்லியது, நடுவில் இரும்புச் சட்டம் முதுகில் உறுத்தும். எட்டு வயதுப் பையன் இரண்டு இரவுகள் தாங்குவான். அதற்கு மேல் வேண்டாம்.

அறை ஒன்றுக்கு இத்தனை பேர்தான் என்று விடுதி சொல்லும் உச்சவரம்பை மீற நினைக்காதீர்கள். ஒரு பிள்ளையைக் கணக்கில் காட்டாமல் கூட்டிப் போய்விடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்த வரம்புக்குப் பின்னால் பெரும்பாலும் தீப்பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. ஆபத்து நேரத்தில் எந்த அறையில் எத்தனை பேர் என்ற பதிவேட்டில் உங்கள் பிள்ளையின் பெயர் இல்லாமல் இருக்கக் கூடாது. முன்பதிவில் வயதைக் கேட்டால், பயணம் செய்யும் நாளில் என்ன வயதோ அதையே கொடுங்கள். எந்த வயதுவரை குழந்தைக் கணக்கு என்பதை ஒவ்வொரு விடுதியும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. இடையில் ஒரு பிறந்தநாள் வந்தால் தொகையே மாறிவிடலாம்.

இப்போது இரண்டு அறை என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் நாங்கள் இரண்டாவது முறை ஏமாந்தோம். அடுத்த வருடப் பயணத்துக்கு "பக்கத்துப் பக்கத்து அறை" என்று கேட்டு முன்பதிவு செய்தேன். போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தரை மணி. ஓர் அறை மூன்றாம் மாடியில், இன்னொன்று ஐந்தாம் மாடியில். வரவேற்பில் இருந்தவர், "நீங்கள் கேட்டதைக் குறித்துவைத்திருந்தோம், ஆனால் உறுதி சொல்லவில்லையே" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. முன்பதிவுப் படிவத்தில் நாம் எழுதுவது ஒரு வேண்டுகோள் மட்டுமே. எழுத்தில் உறுதி தந்தால்தான் அது உறுதி.

அதோடு, இரண்டு வகை அறைகள் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தடுத்த அறைகள் என்றால் சுவர் மட்டும் பொது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தாழ்வாரத்துக்கு வர வேண்டும். இணைப்பு அறைகள் என்றால் நடுச்சுவரில் கதவு இருக்கும். அது பெரும்பாலும் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு கதவுகள்; ஒவ்வொன்றையும் அந்தந்த அறைக்குள்ளிருந்துதான் பூட்ட முடியும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் வேண்டும். இரவில் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்தால் ஒரே வீடு மாதிரி, மகள் உடை மாற்றும்போது சாத்திக்கொண்டால் தனி அறை. இணைப்பு அறையை முன்பதிவின்போதே உறுதி செய்து தரும் வசதியை ஹில்டன் விடுதிக் குழுமம் 2021-ல் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பு அந்தக் குழுமத்திலும் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டிய நிலைதான். மற்ற இடங்களில் முன்பதிவுத் தளத்தோடு நிறுத்தாமல் விடுதிக்கே தொலைபேசியில் பேசி, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஓர் அறை மட்டும் எடுத்து, அதில் இணைப்புக் கதவு இருந்தால், அடுத்த பக்கம் அந்நியர் இருப்பார். உள்ளே நுழைந்ததும் தாழ்ப்பாளைச் சரிபாருங்கள். பேச்சுக் குரலும் அந்தக் கதவு வழியாகச் சுவரைவிட நன்றாகக் கேட்கும்.

இரண்டு அறைக்குப் பதில் சூட், அதாவது படுக்கையறையோடு முன்னறையும் சேர்ந்த பெரிய அறை, எடுக்கலாமே என்று தோன்றலாம். படுக்கையறைக்கும் முன்னறைக்கும் நடுவே மூடக்கூடிய கதவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஜூனியர் சூட் என்பது பெரும்பாலும் சோபா போட்ட ஒரு பெரிய அறைதான், நடுவில் சுவரே இருக்காது. உண்மையான சூட்டாக இருந்தாலும் பலவற்றில் குளியலறை ஒன்றுதான். காலையில் நான்கு பேர் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் எடுத்தாலே ஒரு மணி நேரம் போய்விடும். சின்னதாக இரண்டு அறையும் இரண்டு குளியலறையும், அழகான ஒரு சூட்டைவிட எவ்வளவோ மேல் என்பது என் முடிவு. ஐந்து இரவுகள் என்பதால் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு வாடகைக்குக் கிடைக்கிறதா என்றும் பார்க்கலாம். துணி துவைக்க வசதி இருந்தால் பெட்டியின் கனம் பாதியாகும்.

யார் எந்த அறையில்? இணைப்புக் கதவு கிடைத்தால், மகளுக்கு விருப்பமிருந்தால், அவளும் தம்பியும் ஒரு பக்கம், நீங்கள் இருவரும் ஒரு பக்கம் இருக்கலாம். ஆனால் அப்படியானால் அவள் கேட்ட தனிமை தம்பியோடு மறுபடியும் பங்கிடப்படுகிறது என்பதை மறக்க வேண்டாம். இணைப்பு இல்லாவிட்டால் 12 வயதும் 8 வயதும் தனியாக ஓர் அறையில் என்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பல விடுதிகளும் அறைக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்பார்கள். அறைகள் வேறு வேறு மாடியில் கிடைத்த அன்றிரவு நாங்கள் செய்ததுபோல் பிரிந்துகொள்ளுங்கள்: அம்மாவும் மகளும் ஓர் அறை, அப்பாவும் மகனும் ஓர் அறை. வேறு வழியில்லாமல் செய்த அந்த ஏற்பாடுதான் இன்று எங்கள் வழக்கமாகிவிட்டது. ஐந்தாம் மாடி அறையில் விளக்கை அணைத்த பிறகு மகள் என்னிடம் பேச ஆரம்பித்தாள். பள்ளியில் பேசாமல் போன தோழி, தன் உயரத்தைப் பற்றிய கவலை என்று ஒன்றரை மணி நேரம் பேசினாள். வீட்டில் அப்படிப் பேசியதே இல்லை.

முன்பதிவு செய்யும்போது ஓர் அறையை உங்கள் பெயரிலும் இன்னொன்றை உங்கள் துணைவர் பெயரிலும் போடுங்கள். போய்ச் சேர்ந்ததும் அறைக்கு இரண்டு சாவிகள் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றை மற்ற அறையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்பு பிள்ளைகள் இருவரையும் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போய், உங்கள் அறையிலிருந்து அவசரப் படிக்கட்டுவரை எத்தனை கதவுகள் என்று சுவரைத் தொட்டுக்கொண்டே எண்ணச் சொல்லுங்கள். புகை சூழ்ந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, கைதான் வழி காட்டும். எங்கள் பையன் இப்போதெல்லாம் அறைக்குள் நுழையும் முன்பே எண்ணிவிட்டு வந்து சொல்கிறான்.