டீசல் பிரஷர் குறைகிறதா? காரைக்குடி பட்டறையிலிருந்து பதில்கள்

காரைக்குடியில் டீசல் பம்ப், இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுவது) வேலை பார்க்கும் பட்டறை என்னுடையது. "டீசல் பிரஷர் இல்லை" என்று வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன். பம்ப்பைக் கழற்றுவது எப்போதும் கடைசி வேலை. டேங்க் மூடியிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்.

தேவகோட்டை, டிராக்டர்: அண்ணே, காலையில் நல்லா ஸ்டார்ட் ஆகுது. அரை மணி நேரம் உழுததும் இழுவை குறைஞ்சு நின்னுடுது. ஹேண்ட் பம்ப் அடிச்சா மறுபடி ஓடுது. பில்டர் புதுசு. எஃப்.ஐ. பம்ப் போயிடுச்சுன்னு சொல்றாங்க.

எஃப்.ஐ. பம்ப் (இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) மேல் இப்போதே பழி போட வேண்டாம், தம்பி. ஹேண்ட் பம்ப் அடித்ததும் ஓடுகிறது என்றால் அதற்கு டீசல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை நிற்கும்போது டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளையைச் செம்மண் அடைத்திருக்கிறது. ஒரு ஊசியோடு வேலை முடிந்தது.

சத்தம் வராவிட்டால், பீட் பம்ப்புக்கு (டேங்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் சின்ன பம்ப்) வரும் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். டேங்க் உயரத்தில் இருப்பதால் டீசல் தானாகவே தாராளமாகக் கொட்ட வேண்டும். நூல் மாதிரி வந்தால் டேங்க் வாயில் குப்பை. துணி நூல், வைக்கோல் துண்டு எல்லாம் எடுத்திருக்கிறேன். இன்ஜின் ஓடும்போது அது வாயில் போய் ஒட்டும், நின்றதும் விலகிவிடும். அதனால்தான் கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். இரண்டும் சரியாக இருந்தால் பீட் பம்ப்புக்குப் பின்னால் ஒரு கேஜ் போட்டுப் பாருங்கள். இந்த மாதிரி பழைய சிஸ்டத்தில் பெரும்பாலும் 1 முதல் 2 பாருக்குள் (பார் என்பது பிரஷரின் அளவு) இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு மேனுவலில் இருக்கும். பில்டருக்கு முன்னால் நல்ல பிரஷர், பின்னால் இல்லை என்றால், புது பில்டராக இருந்தாலும் அடைப்பு அதில்தான்.

கானாடுகாத்தான், ஜெனரேட்டர்: எங்க பெரிய வீட்டுல கல்யாணம், காட்சின்னா மட்டும்தான் ஜெனரேட்டர் ஓடும். மாசக்கணக்கா சும்மா நிக்கும். அன்னைக்குன்னு பார்த்து ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக் தம்பி வந்து ஏர் எடுத்தா ஓடுது. ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்.

ஏர் எடுப்பது, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, தற்காலிக வைத்தியம்தான், ஆச்சி. காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் ஜெனரேட்டரில் டேங்க் அடியில் இருக்கிறது, இன்ஜின் மேலே. நடுவில் எங்காவது சின்ன ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே நுழைய, டீசல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும். "தரையில ஒரு சொட்டுகூட இல்லையே" என்று பலரும் ஏமாறுவது இங்கேதான். மெக்கானிக் தம்பியிடம் பீட் பம்ப்புக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் டேங்க் பக்கம் உள்ள வெடித்த ரப்பர் ஹோஸ், பேஞ்சோ போல்ட்டின் (பைப்பை இணைக்கும் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர் இரண்டையும் மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வாஷரைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்க விடாதீர்கள், புதுசே போடட்டும். அப்புறம், கல்யாணம் இல்லாத மாதத்திலும் ஒரு தடவை லோடு கொடுத்து ஓட்டுங்கள்.

காரைக்குடி, டாக்சி: காமன் ரெயில் டீசல் கார், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி டிரிப் ஓட்டுறேன். திருச்சி ரோட்டில் ஓவர்டேக் எடுத்தா பிக்கப் செத்து, செக் லைட் எரியுது. ஸ்கேனரில் பி0087. ஹை பிரஷர் பம்ப் மாத்தணும்னு பெரிய தொகை சொல்றாங்க. மாத்திடலாமாண்ணே?

பொறுங்கள். ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஹை பிரஷர் டீசலைத் தேக்கிக் கொடுக்கும் பொதுக் குழாய்) பிரஷர் வேண்டிய அளவு இல்லை என்பதை மட்டும்தான் பி0087 என்ற அந்த எரர் கோட் சொல்கிறது. பம்ப் கெட்டது என்று அதில் எங்கும் இல்லை.

ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கம்ப்யூட்டர் கேட்கும் பிரஷர், உண்மையில் இருக்கும் பிரஷர். ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) பெரும்பாலான கார்களில் 250 முதல் 350 பார் இருக்கும். முழு லோடில் 1,600 பாரும் அதற்கு மேலும் கேட்கும். ஐடிலில் இரண்டும் ஒட்டிப் போய், ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் பிரிந்தால், முதல் சந்தேகம் டீசல் வரத்து மேல்: பில்டர், நசுங்கிய பைப், டேங்க் உள்ளே இருக்கும் பம்ப். பழைய பில்டரை அறுத்து உள்ளே பாருங்கள். மினுமினுவென்று உலோகத் தூள் இருந்தால் ஹை பிரஷர் பம்ப் உண்மையிலேயே தேய்கிறது. அப்போது பம்ப்போடு நிறுத்த முடியாது. டேங்க், ரெயில், இன்ஜெக்டர் வரை சுத்தம் செய்யாவிட்டால் புது பம்ப்பும் வீண்.

தூள் இல்லையா? இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் எடுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் (மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் வழி) ஒரு பாட்டிலை மாட்டி ஐடிலில் ஓட்டி, ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதா என்று பாருங்கள். அப்படி நிரம்பினால் அந்த இன்ஜெக்டர்தான் பிரஷரைத் திருப்பி விடுகிறது. சூடானபின் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால் இந்தச் சந்தேகம் இன்னும் பலமாகும். சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடத்தில் அதிகமாக ஒழுகும்.

ஒரு வேளை சென்சார் பொய் சொல்லலாம். இன்ஜினை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டு, சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். நின்ற வண்டியில் ஐம்பது, அறுபது பார் காட்டினால் சென்சாரையும் அதன் ஒயரையும் பாருங்கள்.

கோட்டையூர், வேலை பழகுபவர்: டிராக்டரில் இன்ஜெக்டர் நட்டை லூஸ் பண்ணி ஏர் எடுக்குற மாதிரி காமன் ரெயிலிலும் எடுக்கலாமா?

கூடவே கூடாது. அந்தப் பிரஷரில் வரும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே இறங்கிவிடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. "ஹை பிரஷர் டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். லீக்கைக் கையால் தடவித் தேடாதே, அட்டையைக் காட்டிப் பார். இன்ஜினை நிறுத்தி, மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருந்த பிறகுதான் பைப்பில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

புதுவயல், ரைஸ்மில் லாரி: மழைக்காலம் வந்தா, டீசலிலிருந்து தண்ணியைப் பிரிக்கிற செப்பரேட்டரில் தண்ணி நிக்குது. பங்க்கு டீசலா?

பங்க்காகவும் இருக்கலாம். அதற்கு முன் லாரி கால் டேங்கோடு ராத்திரி முழுக்க நிற்கிறதா என்று பாருங்கள். காலி இடத்துக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து தண்ணீராக இறங்கும். சாயங்காலமே டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். அதன் பிறகும் அதே அளவு நின்றால் பங்க்கில் போய்க் கேளுங்கள்.

திருப்பத்தூர், மினி வேன்: அடைப்பு போக டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்கலாம்னு ஒருத்தர் சொன்னார்.

வேண்டாம். பம்ப்புக்கு எண்ணெய்ப் பசை டீசலிலிருந்துதான் கிடைக்கிறது. மண்ணெண்ணெயில் அது குறைவு, பம்ப் தேயும். பில்டரை மாற்றுங்கள்.