பழைய பேனர், பிவிசி குழாய், கொஞ்சம் கயிறு

கேள்வி: ஐயா, என்னிடம் 4 மீட்டர் ஃபைபர் பாய்ப்படகு ஒன்று இருக்கிறது. முற்றத்தில் ஃபிலாவோ (சவுக்கு) மரத்தடியில் டிரெய்லர் மேல் நிற்கிறது. அளவெடுத்து உறை தைக்கக் கேட்டால் படகின் விலையில் பாதி சொல்கிறார்கள். கடையில் வாங்கிய நீலத் தார்ப்பாய் ஒரு கோடைக்குள் நார்நாராகிவிட்டது. பொட்டலம் கட்டுகிற பிளாஸ்டிக் சுருளை இறுக்கமாகச் சுற்றிவிடலாம் என்கிறார் மச்சான். செய்யலாமா?
— மஹேபூர் வாசகர், மொரீஷியஸ்

பதில்: தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூப்பிட்டுப் படகைக் கவிழ்த்து வைக்க முடியுமா? பாய்மரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு பழைய டயர் மேல் குப்புறப் போட்டால் மழைநீர் தங்க இடமே இல்லை. அதைவிட மலிவான உறை கிடையாது.

முடியாது என்றால் தார்ப்பாய்தான். ஆனால் நீலத் தார்ப்பாயின் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். அதன் மெல்லிய பாலித்தீனை நம் ஊர் வெயில் தின்றுவிடும், உண்மைதான். அதற்கு முன்பே அதைக் கிழிப்பது காற்றில் படபடவென்று அடித்துக்கொள்வதும், நடுவில் தேங்கும் தண்ணீரும். ஒரு சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் நூறு கிலோ. எந்தத் துணி தாங்கும்? அந்தத் தண்ணீரில் கொசு வேறு முட்டையிடும். 2006-ல் சிக்குன்குனியா படுத்திய பாட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

அதனால் காசைத் துணியில் கொட்டாமல் கூரையில் போடுங்கள். பாய்மரத்தையே முகட்டுக் கம்பாகப் படகின் நீளத்துக்குப் படுக்க வையுங்கள். மூக்கில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என மூன்று இடத்தில் கவட்டை மரம் கொடுத்தால் மரம் வளையாது. மின்கம்பி போடும் பிவிசி குழாயை அதன் மேல் வில்லாக வளைத்து, இரு பக்கமும் படகு விளிம்பில் கட்டுங்கள். குழாய் முனைகளில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுங்கள், துணி அறுபடாது. மேலே போட, விளம்பரப் பலகையிலிருந்து கழற்றிய பழைய வினைல் பேனர் கிடைத்தால் நல்லது. கனமானது, நீண்ட நாள் உழைக்கும். அதில் யார் சிரித்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அது ஃபைபரில் உரசக் கூடாது. இடையில் மணல் போனால் காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் போட்ட மாதிரி மேல் பூச்சைத் தேய்த்துவிடும்.

இனி கயிறு. தார்ப்பாய் விளிம்பில் இருக்கும் வளையத்தை நம்பாதீர்கள், முதலில் பிய்வது அதுதான். வழவழப்பான கூழாங்கல் ஒன்றைத் துணிக்கு உள்பக்கம் வைத்து, வெளியிலிருந்து துணியோடு சேர்த்துக் கழுத்தைச் சுருக்குப் போட்டு இறுக்குங்கள். அந்தக் கயிற்றைப் படகின் அடி வழியே எதிர்ப்பக்கக் கல்லுக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். தண்ணீர் நிரப்பிய கேன்களைத் தொங்கவிடச் சிலர் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது. காற்றில் ஆடிப் படகையே இடிக்கும். லாரி டியூபை வளையமாக வெட்டிக் கயிற்றின் நடுவில் கோத்தால் போதும், அதுவே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

தென்கிழக்குக் காற்றுக்குப் படகின் மூக்கைக் காட்டி நிறுத்துங்கள். அந்தப் பக்கம் துணி தாழ்ந்து இறுகி இருக்கட்டும், பின்பக்கம் திறந்திருக்கட்டும். அப்போதுதான் உள்ளே காற்று ஓடும், துணியும் ஊதாது. மூக்கைக் கொஞ்சம் தூக்கி, தண்ணீர் வடிய அடியிலிருக்கும் தக்கையைக் கழற்றிவிடுங்கள். ஃபிலாவோ ஊசி அந்தத் துளையை அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது குச்சியால் குத்திவிட வேண்டும். பாய், சுக்கான், உயிர்காப்பு அங்கி எல்லாம் வீட்டுக்குள் போகட்டும்.

மச்சான் சொன்ன சுருள் வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் கயிறு, மரம் எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அப்புறம், நீங்கள் கேட்காதது ஒன்று. சூறாவளிக்கு முதல் வகுப்பு (ஆரம்பக் கட்ட) எச்சரிக்கை கொடுத்த உடனே இந்தக் கூரை மொத்தத்தையும் பிரித்து உள்ளே வைத்துவிடுங்கள். 1975-ல் ஜெர்வேஸ் அடித்தபோது காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வரை போனது. அந்த மாதிரிக் காற்றில் உறை போட்ட படகு உறையோடு கிளம்பிவிடும். வெறும் படகைத் தரையில் இறக்கி, ஆழமாக அடித்த இரும்பு முளைகளில் கட்டுங்கள். ஃபிலாவோ மரத்தில் மட்டும் கட்டிவிடாதீர்கள், அது சாய்ந்தால் உங்கள் படகின் மேல்தான் விழும்.