ஏழு நாளில் ஐஸ்லாந்து: வட்டத்தை முடித்தே ஆக வேண்டுமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "செப்டம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு ஐஸ்லாந்து போகிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள், 68 வயது மாமனார். வாடகை கார் எடுத்து ஏழு நாளில் ரிங் ரோடு முழுவதையும் சுற்றிவிடலாம் என்று திட்டம். மொத்தமே 1,300 கிலோமீட்டர்தானே? ஓட்டுவது நான் ஒருவன்தான். எது அவசியம், எதை விடலாம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று சொல்லுங்கள்."

முதலில் அந்த 'தானே'வைப் பார்த்துவிடலாம். ரிங் ரோடு என்கிற முதலாம் எண் சாலை தீவை ஒரு சுற்று சுற்றி வர 1,322 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்புவதைவிடச் சற்றுக் குறைவு. ஏழு நாளுக்கு இது பெரிய தூரமில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உங்களிடம் ஏழு நாள் இல்லை. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. ஐரோப்பாவில் எங்காவது மாறி, தூக்கம் கெட்டு, கெப்லாவிக் விமான நிலையத்தில் இறங்கும் அன்று பாதி நாள் போய்விடும். கடைசி நாள் விமானத்துக்குப் போய்விடும். மிஞ்சுவது ஐந்து நாள், கூடப்போனால் ஐந்தரை.

அந்த ஐந்து நாளில் வட்டத்தை முடிப்பது என்றால் தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து விக் 187 கி.மீ., அங்கிருந்து ஹோப்ன் 270, ஹோப்னிலிருந்து எகில்ஸ்டாதிர் சுமார் 250, அப்புறம் மீவாட்ன் ஏரி 165, அதைத் தாண்டி அகுரெய்ரி, அங்கிருந்து தலைநகருக்கு 390. சாலையில் வேக வரம்பு 90. சரளைச் சாலை என்றால் 80. ஓட்டுவது நீங்கள் ஒருவர். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மகள் "அப்பா, நிறுத்துங்கப்பா" என்பாள். நிறுத்தாமல் போவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

என் யோசனை: வட்டத்தை விடுங்கள். தென்கரை வழியாக யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரி வரை போய், வந்த வழியே திரும்புங்கள். வந்த வழியே திரும்புவது பலருக்குத் தோல்வி மாதிரி இருக்கிறது. ஐஸ்லாந்தில் அப்படியில்லை. போகும்போது மேகம் மூடி ஒன்றுமே தெரியாத மலை, திரும்பும்போது வெயிலில் நிற்கும். ஒரு நாள் புயல் வந்தால் அறையில் இருந்துவிட்டு மறுநாள் கிளம்பலாம். வட்டம் போட்டவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு நாள் தவறினால் அடுத்தடுத்த நான்கு அறை முன்பதிவும் சரியும். ஜூலையில், மாற்றி ஓட்ட இன்னொருவர் இருந்திருந்தால் சரி, போய் வாருங்கள் என்றிருப்பேன். செப்டம்பர் கடைசியில் வடக்கே மேட்டு நிலங்களில் பனி விழத் தொடங்கலாம். ஆணி பதித்த டயருக்கு நவம்பர் 1 முதல்தான் அனுமதி என்பதால், உங்கள் வாடகை காரில் அது இருக்காது.

இனி நாள் கணக்கு. இறங்கிய அன்று ஐம்பது கிலோமீட்டர் மட்டும் ஓட்டி ரெய்க்யாவிக்கில் தூங்குங்கள். இரண்டாம் நாள் திங்வெட்லிர், கெய்சிர், குல்ஃபாஸ் அருவி மூன்றையும் பார்த்துவிட்டுத் தலைநகருக்குத் திரும்பாமல் செல்ஃபாஸ் பக்கம் தங்குங்கள். மறுநாள் ஒரு மணி நேரம் மிச்சம். திங்வெட்லிரில் கி.பி. 930-இல் நாட்டின் முதல் பொதுமன்றம் கூடியது. வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் விலகிக்கொண்டிருக்கும் பள்ளத்தாக்கும் அதுவே. மகளுக்குப் பிடிக்கப்போவது கெய்சிர். அங்கே ஸ்ட்ரோக்குர் என்ற வெந்நீர் ஊற்று ஆறு முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பீய்ச்சி அடிக்கும். பீய்ச்சுவதற்குச் சற்று முன் தண்ணீர் நீலக் குமிழாக ஒரு கணம் உப்பும். கேமராவை இறக்கிவிட்டு அதைப் பாருங்கள்.

மூன்றாம் நாள் செல்யலண்ட்ஸ்ஃபாஸ், ஸ்கோகாஃபாஸ் என்ற இரண்டு அருவிகள். இரண்டும் சுமார் 60 மீட்டர் உயரம். முதலாவதற்குப் பின்னால் நடந்து போகலாம், ஆனால் பாறை வழுக்கும், முழுக்க நனைவீர்கள். மாமனார் முன்னால் நின்று பார்த்தாலே போதும். ஸ்கோகாஃபாஸில் மேலே ஏறப் படிகள் ஏறத்தாழ ஐந்நூறு. கீழே சமதரை, அருவியின் அடி வரை அவரே நடந்து போய்விடுவார். அன்றிரவு விக்.

விக்குக்கு முன்னால் ரெய்னிஸ்ஃபியாரா என்ற கருமணல் கடற்கரை. இங்கே மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஐந்தாறு அலை சாதுவாக வந்து போகும்; அடுத்தது திடீரென்று முப்பது நாற்பது மீட்டர் உள்ளே ஏறி ஆளை இழுத்துவிடும். உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. நம் மெரினா பழக்கத்தில் கால் நனைக்கப் போகக் கூடாது. நுழைவில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. அது எந்த நிறத்தில் இருந்தாலும் மகளின் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

நான்காம் நாள்தான் பயணத்தின் நெஞ்சுப் பகுதி. விக்கிலிருந்து யோகுல்சார்லோன் 192 கி.மீ. முதலில் பாசி மூடிய எரிமலைக் குழம்புவெளி, 1783-இல் லாக்கி பிளவு வெடித்தபோது ஓடியது. அந்த வெடிப்புக்குப் பின் வந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறந்தார்கள். இப்போது மெத்தை மாதிரி பச்சையாக இருக்கிறது. மிதிக்காதீர்கள், அந்தப் பாசி மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதைத் தாண்டினால் ஸ்கெய்தாரார்சாந்துர், கண்ணுக்கெட்டிய வரை கருமணல், நடுவே பின்னிப் பின்னி ஓடும் ஆறுகள். இந்த ஆறுகளுக்குப் பாலம் கட்ட முடியாமல்தான் ரிங் ரோடு வெகுகாலம் வட்டமாகாமல் கிடந்தது. 1974-இல்தான் முடிந்தது. 1996-இல் வாட்னயோகுல் பனிமலைக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் மொத்தமாக வந்து பாலங்களை அடித்துப்போனது. முறுக்கிப் போட்ட கம்பி மாதிரி வளைந்த பாலத்தின் இரும்பு உத்திரங்களைச் சாலையோரம் வைத்திருக்கிறார்கள். நிறுத்திப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

யோகுல்சார்லோனில் கார் நிறுத்துமிடத்திலிருந்து பத்தடியில் ஏரி. மூத்தவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் அந்த நாட்டில் கிடையாது. நீலப் பனிக்கட்டிகள் மெதுவாகக் கடலை நோக்கி நகரும், நடுவில் கடல்நாய் தலை நீட்டும். மே முதல் அக்டோபர் வரை படகு உண்டு. சாலையின் மறுபக்கம் கடற்கரையில் ஒதுங்கிய பனித்துண்டுகள் கருமணலில் கிடக்கும். அன்றிரவு அந்தப் பக்கமே தங்கி, ஐந்தாம் நாள் காலை இன்னொரு முறை ஏரிக்குப் போய்விட்டு மெல்லத் திரும்புங்கள். ஆறாம் நாள் தலைநகர். இயற்கைப் பனிக்குகைகளுக்கு உங்கள் மாதம் பருவமில்லை. 2024 ஆகஸ்டில் ஒரு குகை இடிந்து ஒரு பயணி இறந்தார். யாராவது மலிவாக அழைத்தாலும் வேண்டாம்.

வடதுருவ ஒளி? செப்டம்பர் கடைசியில் இருட்டு போதுமான அளவு இருக்கும். காலை ஏழேகாலுக்கு மேல் சூரியன் வந்து மாலை ஏழேகால் போல் மறையும். மேகம் விலகினால் தெரியும். அதற்கென்று பணம் கட்டிப் பேருந்தில் போக வேண்டாம். கார் இருக்கிறது, ஊருக்கு வெளியே தங்கியிருக்கிறீர்கள், ஜன்னலைத் திறந்தால் போதும்.

கார் விஷயத்துக்கு வருவோம். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். 1968 மே வரை அவர்களும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டியவர்கள்தான். ஆட்டோமேட்டிக் கியர் கார்தான் என்று எழுதி வாங்குங்கள். முதல் நாள் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஓடும், அது பரவாயில்லை. தப்பு நடப்பது கூட்டத்தில் அல்ல, யாருமே இல்லாத சாலையில். பெட்ரோல் பங்கிலிருந்து தூக்கக் கலக்கத்தில் திரும்பும்போது. ஓட்டுநரான நீங்கள் எப்போதும் நடுக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும், இது ஒன்றை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். வைப்புத்தொகைக்கு உங்கள் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், அதன் ரகசிய 'பின்' (PIN) நம்பரும் தெரிந்திருக்க வேண்டும். பல பங்குகளில் ஆளே இல்லை. எந்திரம் பின் நம்பர் கேட்கும். 'டேங்க் நிறைய' என்று அழுத்தினால் பெரிய தொகையைக் கொஞ்ச நாள் முடக்கி வைக்கும், அதனால் தொகையைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். பாதி டேங்க் ஆனதும் நிரப்புவது நல்ல பழக்கம்.

முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும். ரவுண்டானாவில் இரண்டு பாதை இருந்தால் உள்பாதையில் இருப்பவருக்கே வெளியேற முன்னுரிமை. நமக்கு இது புதிது. ஒற்றைவழிப் பாலங்கள் இன்னும் இருக்கின்றன. முதலில் நெருங்கியவர் போவார், மற்றவர் ஒதுங்கி நிற்பார். ஆடுகள் பெரும்பாலும் செப்டம்பரில் மலையிலிருந்து பட்டிக்கு வந்துவிடும். இருந்தாலும் தாய் ஒருபக்கம், குட்டி மறுபக்கம் நிற்பதைக் கண்டால் பிரேக்கில் காலை வையுங்கள். குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும். 'எஃப்' என்று தொடங்கும் எண்ணுள்ள மலைச்சாலைகளில் நான்கு சக்கர இயக்கம் இல்லாத கார் போகக் கூடாது. நீங்கள் போகும் வழியில் அது தேவையுமில்லை. சாலையை விட்டு மண்ணில் இறக்குவது சட்டப்படி குற்றம், அபராதம் கடுமை.

இதையெல்லாம்விடப் பெரிய எதிரி காற்று. முதல் பயணத்தில் விக்கில் ஒரு பங்கில் நிறுத்தினோம். பின்னால் இருந்த நண்பர் நம்மூர் வழக்கப்படி கதவை ஒரு தள்ளு தள்ளினார். கதவு கையைவிட்டுப் போய், கீல் மடங்கி, காரின் முன்பக்கத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. திரும்ப மூடவே முடியவில்லை. கயிறு கட்டி, உள்ளிருந்து அவர் பிடித்துக்கொண்டே வர, மணிக்கு நாற்பதில் போனோம். வாடகை நிறுவனத்தில் காப்பீட்டுத் தாளை விரித்துக் காட்டினார்கள்: காற்றில் கதவு போனால் காப்பீடு கிடையாது. உண்மைதான், எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. காரைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்துங்கள். ஒருவர் இறங்கி வெளியிலிருந்து பிடித்துக்கொண்ட பிறகு மாமனார் கதவையும் மகள் கதவையும் திறங்கள். சரளைக் கல், மணல்-சாம்பல் இரண்டுக்கும் தனிக் காப்பீடு கேட்பார்கள். தென்கரைக்கு இரண்டும் எடுப்பது நல்லது. காரை வாங்கும்போது சுற்றிலும் ஒரு வீடியோ.

வானிலைத் துறை காற்று வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லும். 20 என்றால் குறைவு போலத் தெரியும். 3.6-ஆல் பெருக்குங்கள், மணிக்கு 72 கி.மீ. 15 தாண்டினால் நிதானம், 20 தாண்டினால் நான் கிளம்ப மாட்டேன். தினமும் காலையில் வானிலைப் பக்கத்தையும் சாலைத் துறையின் உம்ஃபெர்தின் என்ற இணையப் பக்கத்தையும் பார்த்த பிறகே காபி. சாலை மூடப்பட்டதாகக் காட்டினால் மூடியதுதான், கெஞ்சி ஏதும் ஆகாது. அவசரத்துக்கு 112.

சாப்பாடு. வெளியே சாப்பிட்டால் பர்ஸ் தாங்காது. மாமனார் சைவம் என்றால் கிராமங்களில் பிட்சாவும் சூப்பும்தான். சமையலறையுள்ள தங்குமிடமாகப் பாருங்கள். அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப்போனால் வாரம் ஓடிவிடும். பச்சை இறைச்சி, பச்சை முட்டை கொண்டுபோகக் கூடாது. போனஸ், க்ரோனன் கடைகளில் ஸ்கிர் கிடைக்கும். வடிகட்டிய கெட்டித் தயிர் மாதிரி இருக்கும். இனிப்புச் சேர்க்காததைப் பார்த்து எடுங்கள். அதில் கொஞ்சம் பால் விட்டுப் பிசைந்தால் தயிர்சாதம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தாளிப்பு மட்டும் வேண்டாம். கடுகு வெடித்த மூன்றாவது நொடியில் புகை எச்சரிக்கை மணி அலறி, விடுதியே வெளியே வந்து நின்ற கதை என்னிடம் உண்டு. வெந்நீர்க் குழாயில் முட்டை நாற்றம் அடிக்கும், பூமிக்கடியிலிருந்து வரும் கந்தகம் அது. குளிக்கலாம், சமைக்கக் குளிர்ந்த நீரைப் பிடியுங்கள். அது குடிக்க அருமையான நீர், பாட்டில் வாங்காதீர்கள்.

பல ஊர்களில் வெந்நீர்க் குளம் உண்டு. ஒரு வாரம் ஓட்டிய முதுகுக்கு அது மருந்து. ஆனால் இறங்கும் முன் ஆடையின்றிச் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். ஆண் பெண் தனித்தனி அறைதான், இருந்தாலும் மாமனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ப்ளூ லகூன் இருக்கும் பகுதியில் 2023 டிசம்பருக்குப் பின் எரிமலை பலமுறை வெடித்திருப்பதால் அது சில சமயம் மூடப்பட்டிருக்கிறது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இப்போதே செய்ய வேண்டியவை இரண்டு. ஐஸ்லாந்துக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்தது அறை. ரெய்க்யாவிக்கில் எப்போதும் கிடைக்கும். யோகுல்சார்லோனைச் சுற்றி விடுதிகள் கைவிரலில் எண்ணக்கூடியவை. நான்காம் நாள் இரவை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் மற்றதை அடுக்குங்கள்.