மச்சில் மரப்பட்டி: பிடித்துக் காட்டில் விட்டால் தீருமா?

கேள்வி: கோட்டாற்றில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. கொஞ்ச நாளாக ராத்திரி மச்சில் ஆள் நடப்பதுபோல் சத்தம். ஓடு விலகிக் கிடக்கிறது. மதிலில் விதை விதையாக எச்சம். மரப்பட்டி என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். கூண்டு வைத்துப் பிடித்து, கீரிப்பாறைக் காட்டில் விட்டுவிடலாமா?

பதில்: அண்ணன் சொன்னது சரியாகத்தான் இருக்கும். மரப்பட்டி என்கிற மரநாய் பழத்தைத் தின்று விதையை அப்படியே கழித்துவிடும். மதில், கூரை மாதிரி மேடான வெட்டவெளி அதற்குப் பிடித்த இடம்.

கூண்டு வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வனத்துறை அனுமதி இல்லாமல் அதைப் பிடிப்பது குற்றம். அப்படியே பிடித்தாலும், காலியான மச்சில் இன்னொன்று வந்து ஏறும். காட்டில் பகல் முழுக்க மரப்பொந்தில் தூங்குகிற பிராணி அது. ஊருக்குள் பொந்து விழுந்த அயனி மரத்தையும் மாமரத்தையும் வெட்டிவிட்டோம். ஓட்டுக்கும் மச்சுப் பலகைக்கும் நடுவிலுள்ள இருட்டுதான் இப்போது அதன் பொந்து. கேபிள் ஒயர்தான் கொப்பு. கொய்யா, பப்பாளி, பழுத்த மட்டி வாழைக்குலை, எலி, கரப்பான் எல்லாம் தின்னும். நாம் விளக்கணைத்த பிறகு இறங்கினால் போதும். எலியைக் குறைப்பதால் ஏதோ வாடகையும் கொடுக்கிறது என்றே சொல்வேன்.

முதலில், குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பகலில் கீச்சுச் சத்தம் கேட்டால் எதையும் அடைக்காதீர்கள். குட்டிகள் தாயோடு வெளியே போகத் தொடங்கச் சில வாரம் ஆகும். அதுவரை பொறுக்கத்தான் வேண்டும்.

குட்டி இல்லையென்றால், சாயங்காலம் ஓட்டு இடுக்குகளில் கோலமாவைத் தூவிவிடுங்கள். பூனைத்தடத்தில் நாலு விரல்தான் பதியும், மரப்பட்டிக்கு ஐந்து. தடம் எந்தப் பக்கம் வெளியே போகிறதோ அதுதான் வாசல். மறுநாள் ராத்திரி அது போனபின் வெல்டிங் கம்பி வலை வைத்து அடையுங்கள். அடுத்த ராத்திரி உள்ளே பிறாண்டும் சத்தம் கேட்டால், ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது; உடனே திறந்துவிட வேண்டும்.

அப்புறம், கூரையைத் தொடும் கொப்புகளை வெட்டுங்கள். எலிக்குக் கட்டுவதுபோல் தென்னையில் வழுவழுப்பான தகரம் சுற்றினால் இதுவும் ஏறாது. எலி விஷம் வைக்காதீர்கள், செத்த எலியைத் தின்றால் இதுவும் சாகும். மச்சில் அழுகினால் வீட்டில் இருக்க முடியாது.

தப்பித்தவறி அறைக்குள் இறங்கிவிட்டால், உள்கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு ஒதுங்குங்கள். மூலையில் மடக்கினால் கடிக்கும். கடித்தால் சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.